டிரைவர் சைடு எந்தப் பக்கம்?

ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, போன மாதம் சேர்ந்த தங்கச்சிகளே, உங்களில் யாரை நிறுத்தி “காருக்கு டிரைவர் சைடு எது?” என்று கேட்டாலும் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் தெரிந்து வைத்திருந்துதான் நான் ஒரு மாப்பிள்ளையை நடுரோட்டில் கவிழ்க்கப் பார்த்தேன். நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்ததில் நான் செய்த தப்புகள் நிறைய. இருந்தாலும், செய்த தப்புக்கு வெற்றிலை பாக்கும் வேட்டியும் வைத்துக் கொடுத்தது இந்த ஒன்றுக்குத்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் அழகு எதிர்பார்க்காதீர்கள். பெருமாள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பயத்தோடு, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்கு வீடு திருநின்றவூர். எங்கள் பெருமாள் கோயிலில் தாயாருக்குத் திருநாமமே ‘என்னைப் பெற்ற தாயார்’ என்பதுதான். அதனால் நல்லதோ கெட்டதோ, என் வாயில் “என்னைப் பெத்த தாயே!” என்றுதான் வரும். நான் சாமியைக் கூப்பிடுகிறேன். கேட்கிறவருக்கு அது தெரியாதே! பானெட்டைத் திறந்து நான் இந்த வார்த்தையைச் சொன்னதும் வண்டிக்காரர் முகம் வெளுத்துப்போகும். எஞ்சின் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். “சாமி, கஸ்டமர் நிக்கிறப்போ மட்டும் பக்தியை அடக்கி வாசிங்க” என்று முதலாளி கையெடுத்துக் கும்பிடுவார். நெற்றியில் நாமம் வேறு. “எங்களுக்கு நாமம் போட்டுட மாட்டீங்களே?” என்று தினம் ஒருவராவது கேட்டுவிட்டு, தான்தான் முதலில் கண்டுபிடித்ததுபோல் சிரிப்பார். நானும் முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பேன். அதுவும் தொழிலில் சேர்த்திதான்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூரில் நாங்கள் ஷெட் வைத்திருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர் இருந்தார். ஊருக்குத் திரும்பிப்போன ஏதோ ஒரு நாட்டுத் தூதரகத்து வெள்ளைக்காரரிடமிருந்து, கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பச்சை நிறம். இரண்டே பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு டிபன் கேரியர் வைத்தால் அது யார் மடியிலாவதுதான் உட்கார வேண்டும். ரோட்டில் வலது பக்கமாக ஓட்டுகிற ஊர் வண்டி என்பதால் ஸ்டீயரிங் இடது பக்கம். இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்; நான் மறந்துவிட்டேன்.

ஒருநாள் டாக்டர் ஒரு பெரிய மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே நான்கு கம்பிச் சக்கரங்கள், கல்கத்தாவிலிருந்து ரயிலில் வந்தவை. சைக்கிள் சக்கரம்போலக் கம்பி கோத்து, நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. அந்தக் காதில் சுத்தியலால் தட்டித்தான் இறுக்க வேண்டும், தட்டித்தான் கழற்ற வேண்டும். ஸ்பேனருக்கு வேலையே இல்லை. கூடவே, பிரேக் டிரம் மேல் பூட்டுவதற்குப் பல் வெட்டிய ஹப் நான்கு.

“சாமி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் என் பொண்ணுக்கு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை இந்த வண்டியிலே, இந்தச் சக்கரத்துலேதான் வரணும். நானே ஓட்டப்போறேன்.”

“இப்போ இருக்கிற தகட்டு வீலே அழகாத்தானே இருக்கு சார்?”

“பல்லு இல்லாதவன் சிரிக்கிற மாதிரி இருக்குய்யா.” ஹப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இதுலே எத்தனை பல்லு?”

“எண்ணலை சார்.”

“முப்பத்திரண்டுக்கு மேலே இருக்கும் போலிருக்கே. நம்ம கிளினிக்குக்கு வந்தா குடும்பமே பிழைச்சுக்கும்.”

கம்பிச் சக்கரத்தில் ஒரு சங்கடம் உண்டு. தகட்டு வீல் போட்டிருக்கும்வரை உள்ளே டிரம் எப்படி இருந்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். கம்பி வீல் போட்டால் வலை பனியன் போட்டவன் தொப்பை மாதிரி எல்லாம் வெளியே தெரியும். துரு பிடித்த டிரம் நான்கையும் சுரண்டி, தேய்த்து, வெள்ளிப் பெயின்ட் அடித்தேன். அந்த வேலையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

ஹப்புகளில் மரை அடிபட்டுக் கிடந்தது. நான்கில் இரண்டு, கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால் இறுகும் சாதாரண மரை; இரண்டு, அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும் எதிர் மரை. காது நட்டிலும் அப்படியே. எது எந்தப் பக்கம் என்று நட்டிலேயே எழுத்து வெட்டியிருந்திருக்கும். பாலிஷ் போட்டுப் போட்டு அதெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. மரையைச் சரிசெய்ய, பக்கத்து ஊரான பாடியில் லேத் வைத்திருந்த டர்னர் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பெயரை எழுதவில்லை. நன்றாக இருக்கிறார், படித்தால் லேத்தை நிறுத்திவிட்டு என்னை உதைக்க வருவார். வேளாங்கண்ணி மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றாமல் மெஷினைத் தொடமாட்டார். ஆனால் பேச ஆரம்பித்தால் மாதாவே காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். சிறுவயதில் மவுண்ட் ரோடு பக்கம் வெளிநாட்டுக் கார் ஷெட்டில் இருந்தவர். கம்பிச் சக்கரத்தின் சூட்சுமம் தெரிந்தவர் எங்கள் வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் நாள் சாக்குப்பையில் கட்டிக் கொடுத்துவிட்டார். பாடி லாரி வொர்க்‌ஷாப்புகளில் வலது இடது என்று யாரும் சொல்வதில்லை. டிரைவர் சைடு, கிளீனர் சைடு, அவ்வளவுதான். அண்ணனும் எதிர் மரை ஹப்பில் சிவப்புப் பெயின்டால் ‘டி’ என்றும், சாதாரண மரை ஹப்பில் ‘கி’ என்றும் எழுதியிருந்தார்.

நான் காரைப் பார்த்தேன். டிரைவர் எங்கே உட்கார்கிறார்? இடது பக்கம். ‘டி’ இரண்டையும் இடது பக்கம் பூட்டினேன். ‘கி’ இரண்டையும் வலது பக்கம் பூட்டினேன். நாங்கள் பார்க்கும் லாரிகளிலும் இடது பக்கம்தான் எதிர் மரை வரும். அதனால் மனசுக்கும் ஒத்துப்போயிற்று. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதிர்த்தாற்போல் டீக்கடையில் போன் இருந்தது. கேட்கவில்லை. ‘இது தெரியாதா உனக்கு?’ என்று அவர் சிரிப்பாரே என்ற கூச்சம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சக்கரம் ஏற்றி முடித்தேன். வண்டிக்குப் பூஜை போடாமல் அனுப்புகிற வழக்கம் என்னிடம் இல்லை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சந்தனம் குழைத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் நாமம் இட்டேன். காது நட்டின் நடுவில் ஆரம்பித்து, கீழே வீல்வரை இறங்குகிறமாதிரி ஒரே கோடு. நடுவில் குங்குமம். பக்திக்காகச் செய்ததுதான். அதற்கு வேறு உபயோகம் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

டாக்டர் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினார். திருமுல்லைவாயில்வரை போய்ச் சுற்றிக்கொண்டு, முடியெல்லாம் நட்டுக்கொண்டு நிற்க, திரும்பி வந்தார்.

“வெண்ணெய் சாமி! வெண்ணெயிலே கத்தி போற மாதிரி போகுது!”

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். நாமம் உடைந்திருந்தது. நட்டில் இருந்த பாதியும் வீலில் இருந்த பாதியும் ஒன்றுக்கொன்று சேரவில்லை, ஒரு விரல் அகலம் விலகி நின்றன. சுற்றிவந்து பார்த்தேன். நான்கிலும் அதே.

“என்னைப் பெத்த தாயே!”

டாக்டரும் குனிந்து பார்த்தார். “பெருமாளுக்கே தலை சுத்திடுச்சா? நான் அறுபதுலேதானே போனேன்?”

தம்பிகளே, தங்கச்சிகளே, இங்கேதான் நில்லுங்கள். பக்கம் மாற்றிப் பூட்டியது தெரியாமல் செய்தது. அதை எந்த மெக்கானிக்கும் செய்யலாம். ஆனால் நாமம் உடைந்ததைப் பார்த்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? செம்புச் சுத்தியலை எடுத்து நான்கு நட்டையும் தட்டி இறுக்கிவிட்டு, “புது வீலு சார், முதல் ஓட்டத்துலே நட்டு கொஞ்சம் உக்காரும்” என்றேன். ஒரு நட்டு உட்காரும், இரண்டு உட்காரும். நான்கும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அளவு உட்காருமா? என் கைக்குத் தெரிந்துவிட்டது. வாய்தான் முந்திக்கொண்டது. டாக்டர் சந்தோஷமாகக் கையைக் குலுக்கினார். “சாயந்திரம் கோவில்பதாகைப் பிள்ளையார் கோயில்லே இருந்து ஊர்வலம், ஆவடி மண்டபம் வரைக்கும். நீங்க கண்டிப்பா வரணும். காலையிலே தாலி கட்டினதும் பொண்ணு மாப்பிள்ளை இதே வண்டியிலே பூந்தமல்லி தாண்டி அவங்க ஊருக்குப் போறாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூந்தமல்லி ரோடு! அங்கே லாரிக்காரர்கள் எப்படி வருவார்கள் என்று லாரி பார்த்தவனுக்குத் தெரியாதா? நடுவில் ஒரு சக்கரம் கழன்றால்?

பஸ் பிடித்துப் பாடிக்கு ஓடினேன். அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உங்க மரை சரியில்லை. நாலு நட்டும் தானா கழலுது.”

“யோவ், என் மரை நல்லாத்தான் கீது. உன் மரைதான் கழண்டுகீது.” டம்ளரைக் கீழே வைத்தார். “இன்னா பண்ணே, முழுசா சொல்லு.”

“நீங்க எழுதினபடிதான் பூட்டினேன். டிரைவர் சைடுலே டி.”

“கரீட்டு. அப்புறம் இன்னா?”

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் ஸ்டூலை நடுவில் இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார், காரில் உட்காருகிற மாதிரி.

“இதான் வண்டி. நான் வண்டிக்குள்ளே கீறேன். டிரைவர் சைடு காட்டு.”

நான் அவருடைய இடது தோளைத் தொட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அது கிளீனர் சைடு நைனா.”

“அண்ணே, இந்த வண்டிக்கு ஸ்டீயரிங்கே அந்தப் பக்கம்தான்.”

“இன்னாது?” ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார். “பீச்சாங்கைப் பக்கமா ஸ்டீயரிங்கு? அத்த ஏன்யா என்கிட்ட சொல்லலே? வெறும் ஹப்பை மூட்டை கட்டினு வந்து குட்த்துட்டு, வண்டி மூஞ்சியை நான் கனவுலயா பாப்பேன்?”

அவர் சொன்னது நியாயம். இந்தச் சக்கரத்தில் சூட்சுமமே லாரிக்கு நேர் எதிர். காது மேலே இருக்கும்போது வண்டியின் பின்பக்கம் பார்த்துத் தட்டினால் இறுக வேண்டும். அப்படிப் பூட்டினால் ஓட ஓட இறுகும். மாற்றிப் பூட்டினால் ஓட ஓடக் கழலும். சங்கதி அவ்வளவுதான். நாங்கள் இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லி, ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டியிருக்கிறோம்.

“எப்போ ஊர்கோலம்?”

“அஞ்சரைக்கு.”

மணி நாலேமுக்கால். அண்ணன் செம்புச் சுத்தியல் ஒன்றை இடுப்பில் செருகி, இன்னொன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மாதாவைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டார். அவருடைய மொபெட்டில் இரண்டு பேரும் ஏறினோம். அது முனகிக்கொண்டே கிளம்பியது. டாக்டர் அம்பத்தூரிலிருந்து கோவில்பதாகைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருப்பார். வழியில் எங்கே கூட்டம் கூடியிருந்தாலும் எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. ஒரு இடத்தில் வட்டமாக ஜனம். “என்னைப் பெத்த தாயே!” என்று கத்தினேன். எட்டிப் பார்த்தால் கரும்புச்சாறு மெஷின்.

“பின்னாடி உக்காந்துகினு கூவாதே சாமி, வண்டி ஆடுது” என்றார் அண்ணன்.

கோவில்பதாகை போய்ச் சேர்ந்தபோது ஊர்வலம் கிளம்பத் தயாராக இருந்தது. முன்னால் நாதஸ்வரம், அதற்கும் முன்னால் பேண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வேறு வேறு பாட்டு. நடுவில் பச்சைக் கார், பூ அலங்காரத்தோடு. ஸ்டீயரிங்கில் பட்டு வேட்டியில் டாக்டர். பக்கத்தில் கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை, மாலைக்குள் முகம் தெரியாமல். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து காது நட்டைக் கையால் பிடித்துப் பார்த்தேன். முன்சக்கரத்து நட்டு கையோடு லேசாக வந்தது. சுத்தியல் வேண்டாம், கைக்கே வந்தது.

சொல்லவா, வேண்டாமா?

சொன்னால் என்ன ஆகும்? மாப்பிள்ளையை இறங்கச்சொல்ல வேண்டும். பிள்ளையார் கோயில் வாசலில் ஏறி உட்கார்ந்த மாப்பிள்ளையை இறக்கினால் அது அபசகுனம். பெண் வீட்டார் கொடுத்த வண்டியில் சக்கரம் நிற்கவில்லை என்று நூறு பேர் பேசுவார்கள். அந்தப் பெண் காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாவிட்டால்? நடைவேகத்தில் நட்டு ஒரேயடியாகக் கழலாது. தெருமுனைக்குத் தெருமுனை நிற்கும்போது தட்டி இறுக்கிக்கொண்டே போனால் மண்டபம்வரை தாங்கும். ஆனால் நடைவேகத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. டாக்டரின் வலது காலில்தான் சந்தேகம்.

அவர் காதில் குனிந்தேன். “சார், நான் சொல்றப்போ நிறுத்துங்க. நடக்கிற வேகத்துக்கு மேலே போகாதீங்க. யார் சொன்னாலும் சரி. காரணம் மண்டபத்துலே சொல்றேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, தலையை மட்டும் ஆட்டினார்.

அண்ணன் வலது பக்கம், நான் இடது பக்கம். சுத்தியலில் என் தோள் துண்டைச் சுற்றிக்கொண்டு முதல் தட்டு தட்டினேன். தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

“யோவ், யாருய்யா நீ? மாப்பிள்ளை வண்டிக்கு அடியிலே என்னா பண்றே?”

மாப்பிள்ளையின் பெரியப்பா. வெள்ளை மீசை, ஜரிகை அங்கவஸ்திரம், கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. கல்யாணத்தில் குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்த மாதிரி ஒரு பார்வை.

பெருமாள் மேல் ஆணை, என் வாயில் அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“சக்கரத் தட்டு, ஐயா.”

“அப்படின்னா?”

“மாப்பிள்ளை ஏறின வண்டிக்கு, தெருமுனைக்குத் தெருமுனை சக்கரத்தைத் தட்டணும். பொண்ணு வீட்டு வழக்கம்.”

அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் இருமினார்.

பெரியப்பா மீசையைத் தடவினார். “எத்தனை தட்டு?”

“ஏழு.”

“ஏழா?” உதட்டைப் பிதுக்கினார். “எங்க பக்கம் எப்பவும் ஒம்பது.”

அண்ணன்தான் எழுந்து நின்று பவ்யமாகச் சொன்னார்: “ஒம்பதே போட்டுக்கலாம் பெரியவரே. இன்னும் நல்லா நிக்கும்.”

அதற்குப் பிறகு நாங்கள் ஒளிந்து தட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. முனைக்கு முனை பெரியப்பாவே தடியைத் தூக்கி ஊர்வலத்தை நிறுத்துவார். “சக்கரத் தட்டு!” என்று சத்தம் போடுவார். பேண்டு ஓயும். நாங்கள் நான்கு சக்கரத்துக்கும் ஒன்பது ஒன்பது தட்டுவோம், அவர் வாய்விட்டு எண்ணுவார். சக்கரத்துக்கு ஒரு பூ வைக்கச்சொல்லிப் பெண்களிடம் ஆணையிட்டார். மூன்றாவது முனையில் நாதஸ்வரக்காரர் தட்டுக்குத் தோதாகக் கெட்டிமேளம் போடச் சொல்லிவிட்டார். அண்ணன் தட்டுகிற ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரம் என்று நினைத்து ஒரு அம்மாள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட வந்தார். “வாணாம்மா, ஆயில் கீது” என்று குதித்து விலகினார்.

கடைசித் தெரு நீளமாக, நேராக இருந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், “டாக்டர் சார், ஒரு விரட்டு விரட்டுங்க!” என்று கத்த ஆரம்பித்தார்கள். மாலைக்குள்ளிருந்து மாப்பிள்ளையும் முதல்முறையாக வாயைத் திறந்தார்: “ஓட்டுங்க மாமா, ஆசையா இருக்கு.”

டாக்டரின் கால் துடிப்பது வெளியே தெரிந்தது. எஞ்சின் ஒரு உறுமல் உறுமியது. நான் ஆரத்தித் தட்டு வைத்திருந்த அம்மாளிடமிருந்து தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வண்டிக்கு நேர் முன்னால் போய் நின்றேன்.

“மண்டபம் வரைக்கும் கற்பூரம் அணையக் கூடாது சார். நான் முன்னாலே நடக்கிறேன். நீங்க பின்னாலேயே வாங்க.”

“இது வேறயா?” என்றார் பெரியப்பா. பிறகு உடனே, “ஆமாமா, அணையக் கூடாது!” என்று எல்லாரையும் அதட்டினார்.

கையில் கற்பூரம் சுடச்சுட, நான் பின்னால் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தேன். சாமி பெயரைச் சொல்லி அன்று நான் சொன்ன பொய்கள் எத்தனையோ. ஒன்றுக்கும் மனசு கூசவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நடக்கும்போதே தாயாரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்: வண்டி மண்டபம் போய்ச் சேரட்டும், முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை இறங்கினார். கடைசியாக நட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு தெருவுக்குள் அரை விரல் கழன்றிருந்தது.

டாக்டரை மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். வடை பொரிகிற வாசனை. எல்லாவற்றையும் சொன்னேன். டி, கி, ஸ்டூல், எல்லாம். “மத்தியானம் ஷெட்டுலேயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு சார். நட்டு உக்காருதுன்னு சொன்னது பொய். இவ்வளவு தூரம் நீங்க அதை ஓட்டிக்கிட்டு வந்தீங்க. ஏதாவது ஆகியிருந்தா…”

திட்டுவார் என்று காத்திருந்தேன். வேறொன்று கேட்டார்.

“சாமி, பேஷன்ட் நாற்காலியிலே உக்காந்தா அவன் முகம் என்னைப் பார்த்து இருக்கும். அவனோட வலது பக்கம் எனக்கு எந்தப் பக்கம்?”

“இடது, சார்.”

“தொழிலுக்கு வந்த புதுசுலே ஒரு தடவை மாத்திப் பிடுங்கிட்டேன். நல்ல பல்லு. ஆணி மாதிரி இருந்தது.”

“ஐயோ. அப்புறம் சார்?”

“மறுநாள் வலி போகலைன்னு வந்தான். ‘இந்தப் பக்கமும் பூச்சி இறங்கியிருக்கு’ன்னு சொல்லி அதையும் எடுத்தேன். பூச்சியாவது ஒண்ணாவது! ரெண்டு பல்லு எடுத்ததுக்கு நன்றி சொல்லிட்டுப் போனான். என் மச்சான்தான். உள்ளே முதல் வரிசையிலே உக்காந்து ஓரமா வடை மெல்றான் பாருங்க.” அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. “இருபது வருஷம் ஆச்சு, இன்னும் அவன்கிட்ட நான் சொல்லலை. நீங்க பொழுது விடியறதுக்குள்ளே வந்து சொல்லிட்டீங்க.”

பிறகு, “காலையிலே சரியாயிடுமா?” என்றார்.

“விடிஞ்சதும் வந்து மாத்திடறேன் சார். அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்.”

சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் அண்ணனும் நானும் மண்டபத்து வாசலில் ஹப் நான்கையும் கழற்றிப் பக்கம் மாற்றிப் பூட்டினோம். இந்தத் தடவை நான் முதலில் ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். சாப்பிடும் கையை நீட்டி, “இது வலது” என்றேன். அவரும் ஏறி உட்கார்ந்து, அதே கையை நீட்டி, “இது சோத்தாங்கை” என்றார். வளர்ந்த ஆம்பிளைகள் இரண்டு பேர் பூ வாடிய காரில் மாறிமாறி உட்கார்ந்து கையை நீட்டுவதைப் பால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை. பக்கத்தைச் சொல்லும்போது சீட்டில் உட்கார்ந்து, எதிராளியின் கையைத் தொட்டுச் சொல்லுங்கள்.

மறுபடியும் நாமம் இட்டேன். டாக்டரை ஓட்டச்சொல்லி ஆவடி கடைத்தெருவரை போய்வந்தோம். நான்கு நாமமும் இட்டபடியே, ஒரே கோடாக நின்றன.

தாலி கட்டியாயிற்று. பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள், இந்த முறை ஸ்டீயரிங்கில் மாப்பிள்ளை. கிளம்புகிற நேரம் பெரியப்பா தடியைத் தூக்கினார்.

“நிறுத்து! சக்கரத் தட்டு ஆகலையே?”

நேற்று சொன்ன பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. இன்று எதுவும் இல்லை. எல்லார் முன்னாலும் அவரைக் கும்பிட்டேன். “ஐயா, என்னை மன்னிக்கணும். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. நான்தான் சக்கரத்தைப் பக்கம் மாத்திப் பூட்டிட்டேன். ஓட ஓட நட்டு கழண்டுக்கிட்டு இருந்துச்சு. விழுந்துடக் கூடாதுன்னுதான் தட்டினோம். இப்போ சரியாயிடுச்சு. தட்டவே தேவையில்லை.”

காதில் கையை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். பெரியப்பா என் தோளில் கையைப் போட்டார்.

“அடக்கம் இருக்க வேண்டியதுதான்யா. அதுக்காகப் பெரியவங்க வெச்சுட்டுப் போனதை நட்டு போல்ட்டுன்னு சொல்லப்படாது. நான் எத்தனை கல்யாணம் பாத்திருக்கேன்!” தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு எட்டு முழ வேட்டி. என் கையில் திணித்தார். “உம், தட்டு.”

பொய்யை ஒரே தட்டில் நம்பியவர், உண்மையை எவ்வளவு தட்டியும் நம்பவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே தன் பக்கத்துச் சக்கரத்தருகே உட்கார்ந்துவிட்டார்.

காது மேலே, பின்பக்கம் பார்த்து, ஒன்பது தட்டு. சக்கரத்துக்குச் சக்கரம் பெரியப்பா எண்ணினார். கடைசிச் சக்கரத்தில் புருவத்தைச் சுளித்தார்.

“ஒம்பதாவது சரியாக் கேக்கலே. இன்னொண்ணு.”

இன்னொன்று தட்டினேன். நட்டு ஒரு நூல்கூட அசையவில்லை.